151 டாலர் அபராதம்... 550 டாலர் கட்டியும் தீரவில்லை! ஃபெர்குசன் நீதிமன்றம் வசூல் மையமான கதை

வண்டியைத் தப்பான இடத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் இருக்கும் ஃபெர்குசனில் ஒரு பெண்ணுக்கு அது ஏழு வருட வழக்காக நீண்டது.

2007-ல் ஒரே தவறுக்கு இரண்டு டிக்கெட். அபராதம் 151 டாலர், கட்டணங்கள் தனி. தங்க வீடுகூட இல்லாமல் அவர் திண்டாடிய காலம் அது. வாய்தா தேதியையோ தவணையையோ தவறவிட்டதற்காக மட்டும் ஏழு புதிய குற்றச்சாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிவாரன்ட், கூடவே புது அபராதம். இடையில் 25 டாலர், 50 டாலர் எனக் கட்டப் பார்த்தார். முழுத் தொகை இல்லை என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பிவிட்டது. ஆறு நாள் சிறையிலும் இருந்தார். 2014 டிசம்பர் கணக்குப்படி அவர் கட்டியது 550 டாலர். இன்னும் பாக்கி 541 டாலர்!

செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டியுள்ள ஃபெர்குசனில் அப்போது சுமார் 21,000 பேர் வசித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பின மக்கள். சாலை விதிமீறல், வளர்ந்த புல்லை வெட்டாதது போன்ற சின்ன வழக்குகள்தான் இங்குள்ள நகராட்சி நீதிமன்றத்துக்கு வரும். புல் வளர்ந்ததற்கு 531 டாலர் அபராதம் போட்ட வழக்கும் உண்டு.

2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயது இளைஞரைப் போலீஸ் அதிகாரி சுட்டுக்கொன்ற பிறகுதான் உலகமே இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது. அமெரிக்க நீதித்துறை விசாரணையில் இறங்கி, 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. மேலே சொன்ன பெண்ணின் கதையும் அதில்தான் இருக்கிறது. நீதிமன்றப் பிடிவாரன்ட் நிலுவையில் இருந்தவர்கள் மட்டும் 16,000 பேருக்கு மேல். வெளியூர்க்காரர்களும் இதில் அடக்கம் என்றாலும், இவ்வளவு சின்ன ஊருக்கு இது மலைக்க வைக்கும் எண்ணிக்கை.

ஏன் இப்படி? பதில் பட்ஜெட்டில் இருந்தது. 2015 நிதியாண்டில் எதிர்பார்த்த சுமார் 1.33 கோடி டாலர் பொது வருவாயில் சுமார் 31 லட்சம் டாலர் அபராதத்தில் இருந்தே வரும் என்று நகராட்சி கணக்குப் போட்டிருந்தது. கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. டிக்கெட் எழுதுவது கூடாவிட்டால் அடுத்த வருட வசூலை உயர்த்துவது கஷ்டம் என்று நிதி அதிகாரியே போலீஸ் தலைவருக்கு எழுதியிருக்கிறார். அபராதம் போடுபவரும், வசூலிப்பவரும், அந்தப் பணத்தைச் செலவு செய்பவரும் ஒரே நிர்வாகம் என்றால் நியாயத்தை எங்கே தேடுவது?

இது ஃபெர்குசனோடு நிற்கும் கதையும் அல்ல. செயின்ட் லூயிஸ் கவுன்டியில் மட்டும் இப்படி 80-க்கும் மேற்பட்ட நகராட்சி நீதிமன்றங்கள் அப்போது இயங்கின.

அறிக்கை வந்த சில நாள்களிலேயே நீதிபதி பதவி விலகினார். வழக்குகளை மாநில மேல்முறையீட்டு நீதிபதி ஒருவரிடம் உச்ச நீதிமன்றம் ஒப்படைத்தது. போக்குவரத்து அபராதம் மூலம் ஓர் ஊர் ஈட்டும் வருவாய்க்கான உச்சவரம்பை 30 சதவிகிதத்தில் இருந்து 20 ஆக மாநில அரசு குறைத்தது. செயின்ட் லூயிஸ் கவுன்டிக்கு மட்டும் 12.5 என்று வைத்த வரம்பு 2017-ல் நீதிமன்றத்தில் அடிபட்டுப்போனது.

பணம் கட்ட முடியாததால் சிறை சென்றவர்கள் தொடுத்த வழக்கில், 45 லட்சம் டாலர் தர 2024-ல் ஃபெர்குசன் ஒப்புக்கொண்டது. பயனாளிகள் 15,000 பேருக்கு மேல். வக்கீல் செலவைக் கழிக்காமலே வகுத்தாலும், தலைக்கு 300 டாலர்கூட வராது.