கணனியொலியும் காலந்தவறாமையும்

இசைக்கு உயிர்நாடி காலப்பிரமாணமாகும். ஓவியத்தை இன்று பாதியும் நாளை பாதியுமாகக் கண்டு மகிழலாம். தாளத்தில் ஓரடி தவறின் செவி உடனே வருந்தும். ஆகவே இசைப்பதிவுக்குக் கணனியைப் பயன்படுத்துவோர், அஃது எத்துணை விரைவாகக் கணிக்கின்றது என்பதனோடு, உரிய கணத்திலே கணித்து முடிக்கின்றதா என்பதனையும் நோக்குதல் வேண்டும். லினக்ஸ் இயக்க முறைமையில் இதற்கென அமைந்த நிகழ்நேர உரிமையின் இயல்பினை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணனி, ஒலியைச் செக்கனுக்கு 48,000 மாதிரிகளாகப் பகுத்துக் கையாளுதல் பெருவழக்கு. இசை நிரலானது அவற்றை 256 மாதிரிகள் கொண்ட தொகுதிகளாக ஆக்கி அளிக்குமாயின், ஒவ்வொரு தொகுதிக்கும் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 5.3 மில்லிசெக்கனே. அதற்குள் அடுத்த தொகுதி வந்து சேராவிடின், ஒலியிடையே வெறுமை தோன்றி வெடிப்பொலியாய்க் கேட்கும். தொகுதியைப் பெரிதாக்கின் இவ்விடர் குறையும்; எனினும் வாசிப்பவர் விரலுக்கும் எழும் ஒலிக்கும் இடையே தாமதம் மிகும்.

லினக்ஸ், மையச் செயலியின் நேரத்தை நிரல்கள் அனைத்துக்கும் பகிர்ந்தளிக்கும். அப்பகிர்வு நீதியே எனினும், தன் முறை வருமளவும் இசை நிரல் காத்திருத்தல் இயலாது. எனவே 1 முதல் 99 வரையான நிகழ்நேர முன்னுரிமைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றைப் பெற்ற நிரல், சாதாரண நிரல்களை விலக்கிச் செயலியைப் பெறும்.

இத்துணை வலிய உரிமையை எல்லார்க்கும் வழங்கலாமோ எனின், ஆகாது. அதனைப் பெற்ற நிரல் முடிவிலாச் சுழலிற் சிக்கின், ஏனையவை செயலற்று நிற்கும். ஆதலின் முன்னர் 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்கே இவ்வுரிமை இயல்பாக இருந்தது. இசை நிரல் முழுவதையும் ரூட்டாக இயக்குதலோ, ஓர் அறையின் திறவுகோல் வேண்டியவனுக்கு மாளிகை முழுவதையும் எழுதிக் கொடுத்தலை ஒக்கும். 2005இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.12ஆம் பதிப்பு, சாதாரண பயனருக்கும் ஓர் உச்சவரம்புக்குட்பட்டு முன்னுரிமை வழங்க வழிசெய்து, இக்குறையை நீக்கிற்று.

செய்முறை எளிது. அவ்வரம்பு இயல்பிலே 0 ஆகும். டெபியன் வழக்கில், வரம்புகளைக் குறிக்கும் கோப்பிலே 'ஓடியோ' என்னும் குழுவுக்கு இரண்டு விதிகள் எழுதப்படும். 'ஆர்டிபிரியோ' 95 என்பது முன்னுரிமையின் எல்லை. 'மெம்லொக்' என்பது நிரலின் நினைவகப் பகுதி வட்டுக்கு மாற்றப்படாதவாறு பூட்டிவைத்தற்கான அளவு. வட்டிலிருந்து மீட்பதற்குள் அவகாசம் கடந்துவிடுமன்றோ? பின்னர்ப் பயனரை அக்குழுவிற் சேர்த்து, கணனியிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழைதல் வேண்டும். அதுவரை புதிய வரம்பு செல்லாது.

உரிமையளித்த லினக்ஸ் காவலையும் கைவிடவில்லை. வழமையான அமைப்பில், ஒவ்வொரு செக்கனிலும் 5 வீதமான நேரத்தைச் சாதாரண நிரல்களுக்கென அஃது ஒதுக்கிவைக்கின்றது. நெறிபிறழ்ந்த நிரலை நிறுத்துதற்கு அச்சிறு பங்கே துணையாகும். வேண்டியவர்க்கு வேண்டிய அளவே வழங்கி, எஞ்சியோர் பங்கையும் காத்தலே இவ்வமைப்பின் சிறப்பு.