வெயிலுக்கு உடல் பழக எத்தனை நாள்?

2021ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இந்தியக் கால்பந்து அணி கத்தார் நாட்டின் தோஹா நகரத்துக்குப் புறப்பட்டுச் சென்றது. உலகக் கோப்பை, ஆசியக் கோப்பை ஆகியவற்றின் தகுதிச் சுற்றில் எஞ்சியிருந்த மூன்று ஆட்டங்கள் அங்கே நடக்கவிருந்தன. கொரோனா இரண்டாம் அலையால் கொல்கத்தாவில் திட்டமிட்டிருந்த பயிற்சி முகாம் கைவிடப்பட்டிருந்தது. முதல் ஆட்டம் ஜூன் 3ஆம் நாள். ஆகவே வீரர்களுக்குக் கிடைத்தவை ஏறத்தாழ இரண்டு வாரங்கள். அந்த மாதத்தில் தோஹாவின் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம்.

மருத்துவமனை இதழில் கால்பந்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மூன்று வாரம் படுக்கையில் இருந்துவிட்டுச் சித்திரை மாதத்தில் வீடு திரும்பி, மறுநாளே திருச்செங்கோட்டு விசைத்தறிக்கோ, நாமக்கல் லாரிப் பட்டறைக்கோ, சேலத்து ஜவ்வரிசி ஆலையின் காயவைக்கும் களத்துக்கோ செல்ல நினைக்கும் ஒருவரின் உடலும், தோஹாவில் வந்திறங்கிய வீரரின் உடலும் ஒரே பணியை எதிர்கொள்கின்றன. வீரரைக் கவனிக்க ஒரு மருத்துவக் குழு உண்டு. நம்மவரைக் கவனிக்கக் குடும்பத்தார் மட்டுமே உண்டு. ஆகையால்தான் இதனை எழுதுகிறோம்.

வெயிலில் உழைக்கும்போது இதயத்துக்கு இரட்டைச் சுமை. தசைகளுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும். உள்வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும். பழகாத உடலில் நாடித்துடிப்பு விரைந்து ஏறும், தலை சுற்றும், கால் தளரும். நாள்தோறும் சிறிது நேரம் வெப்பத்தில் உழைத்தால் உடல் தன்னை மாற்றிக்கொள்கிறது. முதல் சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. அதனால் அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கிறது. அடுத்து, வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்குகிறது, அதிகமாகவும் சுரக்கிறது. அட்ரினல் சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீர், வியர்வையோடு உப்பு வீணாவதைக் குறைக்கிறது. இம்மாற்றங்கள் பெரும்பாலும் நிறைவுபெற 10 முதல் 14 நாள்கள் ஆகின்றன. தேசிய அணிகள் வெப்ப நாட்டுக்கு இரண்டு வாரம் முன்னதாகச் செல்ல விரும்புவதன் காரணம் இதுவே.

இங்கே பலரும் தவறாக எண்ணுகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'எனக்கு வெயில் பழகிவிட்டது, தண்ணீர் அதிகம் தேவையில்லை' என்பார்கள். உண்மை நேர்மாறானது. பழகிய உடல் அதிகம் வியர்க்கிறது. ஆகவே அதற்குத்தான் அதிக நீர் வேண்டும்.

தோஹாவில் குளிரூட்டிய விடுதி அறையில் இரண்டு வாரம் அமர்ந்திருந்தால் இந்தப் பழக்கம் வராது. உடல் சூடேற உழைத்தால்தான் வரும். வந்த பழக்கமும் நிலைத்து நிற்பதில்லை. ஒரு வாரம் விலகியிருந்தாலே குறையத் தொடங்கி, ஒரு மாதத்தில் பெரும்பாலும் போய்விடுகிறது. படுக்கையில் கிடந்தால் நிலை இன்னும் மோசம். சில நாள்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி சுருங்குகிறது. 'நாற்பது ஆண்டாக இந்த வெயிலில்தான் உழைக்கிறேன்' என்பது, நோயுற்று எழுந்த முதல் வாரத்தில் எந்தப் பாதுகாப்பும் தராது.

தோஹாவில் நம் அணி கத்தாரிடம் 0-1 எனத் தோற்றது. ராகுல் பேக்கே 17ஆம் நிமிடத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறியதால், எஞ்சிய நேரமெல்லாம் பத்துப் பேராகவே ஓட வேண்டியிருந்தது. அடுத்து ஜூன் 7 அன்று வங்கதேசத்தைச் சுனில் சேத்ரியின் இரண்டு கோல்களால் வென்றது. ஜூன் 15 அன்று ஆப்கானிஸ்தானோடு 1-1 எனச் சமன் செய்தது. இவற்றை எல்லாம் வெப்பப் பயிற்சியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் பத்துப் பேராக அத்தனை நேரம் தாக்குப்பிடிக்க, பழகிய உடல் தேவை என்பதில் ஐயமில்லை.

வேலைக்குத் திரும்புவோருக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் வகுத்தது. வெப்பத்தில் புதிதாக வேலை செய்வோர் முதல் நாள் வழக்கமான நேரத்தில் 20 விழுக்காடு மட்டுமே வெப்பத்தில் இருக்க வேண்டும். பின் நாளுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் கூட்டக் கூடாது. முன்பே பழகியவர் இடைவெளிக்குப் பின் திரும்பினால் முதல் நாள் 50, பிறகு 60, 80, நான்காம் நாள் முழு வேலை. இது நலமானவர்களுக்கான கணக்கு. நோயிலிருந்து எழுந்தவர் முதல் வரிசையைக் கடைப்பிடிப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. அதுவும் மருத்துவர் வேலைக்குச் செல்லலாம் என்று சொன்ன பிறகே. கூலி குறையுமே என்ற கவலையை நாங்கள் அறிவோம். இயன்றவரை காலை நேர வேலையைக் கேட்டுப் பெறுங்கள்.

கால்பந்து அணிகளில் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிற்று என்று பொருள். வீட்டில் எடைக்கருவி இல்லையென்றால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அடர் மஞ்சளானால் நீர் போதவில்லை. நீர்மோர், உப்பிட்ட நீராகாரம், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவை நல்லவை.

ஆனால் எல்லோருக்கும் அல்ல. இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் மருத்துவர் குறித்த அளவுக்கு மேல் நீர் அருந்தக் கூடாது. இதய நோயாளியின் எடை இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது உடலில் நீர் தேங்குவதன் அடையாளம், உடனே வாருங்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீர் ஆகாது, அதில் பொட்டாசியம் மிகுதி. நீர் பிரியச் செய்யும் மாத்திரை, பீட்டா பிளாக்கர், மனநலத்துக்கான சில மருந்துகள் ஆகியவை வெப்பத்தைத் தாங்கும் திறனைக் குறைக்கலாம். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். வெயில் காலம் தொடங்கும்போது ஒருமுறை மருத்துவரிடம் மாத்திரைகளைக் காட்டிக் கேளுங்கள்.

நாமக்கல் பண்ணைக்காரர்கள் கோடையில் கோழிகள் வாய் பிளந்து மூச்சிரைப்பதைக் கண்டதும் நீர் தெளிப்பார்கள். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. மனிதரிடம் காண வேண்டிய அடையாளம் வேறு: பேச்சுக் குழறுதல், தடுமாற்றம், சம்பந்தமின்றிப் பேசுதல், மயக்கம். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி மூளை பாதிக்கப்பட்ட நிலை அது. வியர்வை இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். உழைப்பினால் வரும் வெப்பத் தாக்கத்தில் தோல் நனைந்தே இருக்கலாம். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அவரை நிழலுக்குக் கொண்டுசென்று, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

வீடு திரும்பும் நாளில் நோயாளி என்ன வேலை செய்கிறார், அது வெயிலிலா, கூரைக்கு அடியிலா, எத்தனை மணி நேரம் என்பதை எங்களிடம் தவறாமல் கூறுங்கள். அதற்கேற்ப முதல் இரண்டு வாரங்களுக்கான நேரக் கணக்கை மருந்துச் சீட்டிலேயே எழுதித் தருகிறோம்.