சாவிப் பெட்டி மாற்றும்போது

மும்பையில் தாராவி என்ற பகுதி இருக்கிறது. தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து போன குடும்பங்கள் அதிகம். சிலர் தோல் பை தைக்கிறார்கள். சிலர் விடியும் முன்பே இட்லி அவித்து ஊரெங்கும் கொண்டுபோய் விற்கிறார்கள். மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர்கள் நிறைய உண்டு.

இன்று எல்லார் கையிலும் செல்போன். பை தைப்பவர் ஜி.எஸ்.டி. கணக்கைப் போனில் பார்க்கிறார். ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டைப் போனில் எடுக்கிறார். ஒவ்வொன்றும் பாஸ்வேர்டு கேட்கிறது. தமிழில் அதைக் கடவுச்சொல் என்பார்கள்.

பாஸ்வேர்டு ஒரு சாவி. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி வைத்தால் என்ன ஆகும்? அந்த ஒன்று திருடன் கையில் கிடைத்தால் எல்லாம் போய்விடும். அதனால் பூட்டுக்கு ஒரு சாவி வேண்டும். ஆனால் இருபது சாவியை யார் நினைவில் வைப்பது?

சாவிப் பெட்டி என்றால் என்ன?

அதற்காகத்தான் பாஸ்வேர்டு மேனேஜர் வந்தது. அது சாவிகளை வைக்கும் பெட்டி. பெட்டிக்கு ஒரு பெரிய சாவி உண்டு. அதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

பலரிடம் இந்தப் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. அது அவர்களுக்கே தெரியாது. போனில் குரோம் என்ற செயலி "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்கும். சரி என்று தட்டினால், சாவி கூகுள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தக் கூகுள் கணக்கைத் திறந்தது யார்? சிலருக்கு மகன் திறந்து கொடுத்திருப்பான். சிலருக்குப் போன் விற்ற கடைக்காரர் திறந்து கொடுத்திருப்பார். அப்படியானால் பெட்டியின் பெரிய சாவி அவருக்கும் தெரியும். படிக்கத் தெரிந்தவர் தன் சாவியைத் தானே வைத்துக்கொள்ளலாம்.

ஏன் மாற்ற வேண்டும்?

சில நேரம் பெட்டியையே மூடிவிடுவார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ஆதென்டிகேட்டர் என்ற செயலியில் பலர் பாஸ்வேர்டு வைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டு முதல் அந்தச் செயலியில் பாஸ்வேர்டுகளைப் பார்க்க முடியவில்லை. உலகம் முழுவதும் அதைப் பயன்படுத்தியவர்கள் வேறு இடம் தேட வேண்டி வந்தது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

தாராவியின் சந்துகளில் வீடு மாற்றும்போது என்ன நடக்கும்? பாத்திரம், பாய், டிரங்குப் பெட்டி எல்லாம் சந்தில் கிடக்கும். அவை பழைய வீட்டிலும் இல்லை. புதிய வீட்டிலும் இல்லை. அந்த நேரத்தில்தான் பொருள் காணாமல் போகும்.

பாஸ்வேர்டு மாற்றும்போதும் அப்படி ஒரு நேரம் உண்டு. பழைய பெட்டி எல்லாச் சாவிகளையும் ஒரு கோப்பாக எழுதித் தரும். அதற்கு சி.எஸ்.வி. கோப்பு என்று பெயர். அந்தக் கோப்புக்குப் பூட்டு இல்லை. திறக்கிற யாரும் எல்லாவற்றையும் படிக்கலாம்.

அதனால் இந்த வேலையைச் சொந்தப் போனில், வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் செய்யக் கூடாது. போன் ரிப்பேர் கடையில் செய்யச் சொல்லக் கூடாது. கோப்பை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது.

எப்படி மாற்றுவது?

1. முதலில் புதிய பெட்டியைத் திறக்க வேண்டும். அதற்கு நீளமான பாஸ்வேர்டு வைக்க வேண்டும். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைச் சேர்க்கலாம். பெயரும் பிறந்த தேதியும் வேண்டாம். இதை மறந்தால் பல நிறுவனங்களால் மீட்டுத் தர முடியாது. தாளில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரமாக வைக்கலாம்.

2. குரோமில் மூன்று புள்ளியைத் தொட்டு, செட்டிங்ஸ் போக வேண்டும். அங்கே கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர் இருக்கும். அதன் செட்டிங்ஸில் எக்ஸ்போர்ட் என்று இருக்கும். எக்ஸ்போர்ட் என்றால் வெளியே எடுப்பது.

3. புதிய பெட்டியில் இம்போர்ட் என்று இருக்கும். இம்போர்ட் என்றால் உள்ளே கொண்டுவருவது. அதில் அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும்.

4. சாவிகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று கணக்குகளைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

5. உடனே கோப்பை அழிக்க வேண்டும். பல போன்களில் அழித்த கோப்பு டிராஷ் என்ற குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதையும் காலி செய்ய வேண்டும்.

6. எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பழைய பெட்டியைக் காலி செய்ய வேண்டும். குரோம் மறுபடியும் "சேமிக்கவா?" என்று கேட்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதிச் சாவி அங்கே, பாதிச் சாவி இங்கே என்று ஆகிவிடும்.

இன்னும் ஒரு வேலை

பெட்டியை மாற்றினால் பூட்டு மாறாது. பழைய சாவி வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் அது இன்னும் திறக்கும். அதனால் கூகுள் கணக்கு, வங்கிக் கணக்கு ஆகியவற்றின் பாஸ்வேர்டையே புதிதாக மாற்ற வேண்டும்.

பெரிய சாவி ஏன் நீளமாக இருக்க வேண்டும்? 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற நிறுவனத்திலிருந்து திருடர்கள் பெட்டிகளின் நகல்களை எடுத்துப் போனார்கள். பெட்டிக்குள் இருந்த பாஸ்வேர்டுகள் பூட்டியே இருந்தன. ஆனால் எளிதில் ஊகிக்கக் கூடிய சாவி என்றால் திருடன் அதைக் கண்டுபிடித்துத் திறந்துவிடலாம்.

ஏமாற்றிப் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். நாடு முழுவதற்கும் அதுதான் எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

பேசிப் பாருங்கள்

உங்கள் போனில் உள்ள கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்தது யார்?

அதன் பாஸ்வேர்டு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

அழித்த கோப்பு உங்கள் போனில் எங்கே போய்க் கிடக்கிறது? தேடிப் பாருங்கள்.