தெரியாமல் கலந்து கொடுக்கலாமா?

"சாப்பாட்டுல அவருக்குத் தெரியாமக் கலந்து குடுத்துடுங்க... ஒரே வாரத்துல குடியை மறந்துடுவார்!"

புதுக்கோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி என்று எந்தப் பக்கம் போனாலும் இப்படி யோசனை சொல்ல ஒரு பக்கத்து வீட்டு அக்கா இருப்பார். அழுது சலித்த மனைவிக்கு அது தெய்வ வாக்காகப் படும். கொஞ்சம் பொறுங்கள்!

கலக்கச் சொல்வது பல சமயம் டைசல்ஃபிராம் மாத்திரை. குடித்த மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, அப்புறம்தான் முறியும். அந்த முறிவை இந்த மாத்திரை தடுத்துவிடும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் இருந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இது நடக்கலாம். விஷயமே தெரியாத மனிதர் வழக்கம்போல 'ஒரே ஒரு குவார்ட்டர்' போட்டால்? (அந்த 180 மில்லியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால்!)

அதே மாத்திரையை, டாக்டர் இதயத்தையும் கல்லீரலையும் பரிசோதித்த பிறகு, அவரே தெரிந்து விழுங்கினால் கதையே வேறு. காலையில் ஒரு தரம் மனசைக் கட்டினால் போதும். சாயங்காலம் கடை வாசலில் போராட வேண்டாம். மனைவி கையால் வாங்கி, அவர் எதிரிலேயே விழுங்கினால் பலன் இன்னும் அதிகம்.

அரசாங்கமும் நம் ஜனங்களுக்காகப் பூட்டிப் பார்த்தது. புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948-லேயே சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971-ல் தளர்த்தினார்கள், 1974-ல் பூட்டினார்கள், 1981-ல் திறந்தார்கள். 2003 முதல் டாஸ்மாக்கில் அரசே சில்லறையாக விற்கிறது! 2016-ல் கடை திறக்கும் நேரத்தைக் காலை பத்திலிருந்து பகல் பன்னிரண்டுக்குத் தள்ளினார்கள். நல்லதுதான், வேலைக்குக் கிளம்பியவர் வேலைக்கே போய்ச் சேரலாம். ஆனால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு? அங்கே அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம்தான் காவல். "கூலியை வீட்டுல குடுத்துட்டுத்தான் வெளியே போவேன்", "அந்தக் கடைத் தெரு வழியா வரமாட்டேன்" என்பதெல்லாம் அவர் வாயிலிருந்தே வரவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். காலையில் அவர் தெளிவாக இருக்கும்போது, "என்னங்க, ஒரு தடவை போய்ட்டு வருவோமா?" என்று பேச்செடுங்கள்.

ஏற்கெனவே கலந்து கொடுத்துவிட்டீர்களா? பயப்படாமல் இன்றைக்கே அவரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையோடு டாக்டரையும் பாருங்கள்.