ஐலா தீவின் புகைவாசம்

ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள ஐலா தீவில் மரங்கள் குறைவு. அங்கே அடுப்பெரிக்கக் கிடைத்தது பீட். சதுப்பு நிலத்தில் பாசியும் செடிகொடிகளும் பல்லாயிரம் ஆண்டுகளாக அரைகுறையாக மட்கிக் கறுத்த மண் அது. வெட்டிக் காயவைத்தால் எரியும், புகையும் அதிகம்.

விஸ்கி காய்ச்ச, பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை மேலும் வளராதபடி உலர்த்த வேண்டும். ஐலாவில் பீட் நெருப்பில் உலர்த்தினார்கள். புகையிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் ஈரத் தானியத்தில் படிந்துவிடும். காய்ச்சி வடித்த பிறகும் அந்த வாசம் போகாது. ரயில் எட்டிய உள்நாட்டு ஆலைகள் கோக் கரிக்கு மாறின. தீவு மாறவில்லை. ஐலாவின் தனிச்சுவை இந்த எரிபொருள் பஞ்சத்தில் பிறந்தது என்றே சொல்வேன்.

இந்தத் தீவின் லஃப்ராய்க் ஆலையை 1815இல் தொடங்கியவர்கள் டொனால்ட், அலெக்சாண்டர் ஜான்ஸ்டன் சகோதரர்கள். மாடு வளர்க்க வந்த குடும்பம். பக்கத்து லாகவூலின் ஆலையை நடத்திய பீட்டர் மேக்கி, லஃப்ராய்க்கின் விற்பனை உரிமை கைவிட்டுப் போனதும் கொதித்தார். அதே சரக்கைத் தானே காய்ச்சிவிடுவதென்று 1908இல் மால்ட் மில் என்ற ஆலையைக் கட்டினார். லஃப்ராய்க்கின் ஆளையே வேலைக்கு அமர்த்தியும் அந்தச் சுவை வரவில்லை.

அமெரிக்க மதுவிலக்குக் காலத்தில் லஃப்ராய்க்குக்குப் பீட் புகை தந்த கிருமிநாசினி வாடையே கைகொடுத்தது. ஆலையின் அன்றைய உரிமையாளர் இயன் ஹன்டர் தன் விஸ்கியை மருந்தென்று சொல்லி அங்கே விற்றார்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பெரிய ஆள் பெஸ்ஸி வில்லியம்சன். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1934இல் லஃப்ராய்க்குக்குக் கோடைகாலத் தட்டச்சு வேலைக்கு வந்தார். 1938இல் ஹன்டர் நோயில் விழ, பொறுப்புகள் மெல்ல பெஸ்ஸியின் கைக்கு வந்தன. போர்க்காலத்தில் ராணுவம் ஆலைக்குள் வெடிமருந்துகளைச் சேமித்தபோதும் அவர்தான் நிர்வாகி. பிள்ளையில்லாத ஹன்டர் 1954இல் இறந்தபோது ஆலையை அவருக்கே எழுதி வைத்திருந்தார். ஒரு பெண் விஸ்கி ஆலைக்குச் சொந்தக்காரியாக இருந்து நடத்துவது அன்று ஸ்காட்லாந்தில் அபூர்வம். புதுப்பிக்கப் பெரும் முதலீடு வேண்டியிருந்ததால், 1960களில் பங்குகளைப் படிப்படியாக விற்றார்; 1972இல் ஓய்வு பெறும்வரை நிர்வாகத்தைத் தொடர்ந்தார். தீவு மக்களுக்கு வேலை நிலைக்க அது சரியான முடிவுதான்.

தேவையான பார்லியின் ஒரு பகுதியை லஃப்ராய்க் இன்றும் தானே தரையில் பரப்பி முளைகட்டி, பீட் புகையில் உலர்த்துகிறது. மீதியை வெளியிலிருந்து வாங்குகிறது.