உஷார்! ஓட்டுவது பிள்ளை, பில் வருவது அப்பாவுக்கு

பனி கரைந்ததும் மொன்ட்ரியால்-நோரில் முதலில் முளைப்பவை வீதிவேலைச் செம்மஞ்சள் கூம்புகள். அந்தக் கூம்புகளுக்கு இடையால் வளைந்து நெளிந்து வருபவை மின் ஸ்கூட்டர்கள். சென்னையில் ஓடுகிற ஓலா, ஏதர் வகையைச் சொல்லவில்லை. ஒரு பலகை, ஒரு தடி, இரண்டு சின்னச் சில்லு. நின்றபடி ஓட்டுகிற சாமான். பெரிய கடைகளிலும் ஒன்லைனிலும் சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. பிறந்தநாளுக்குப் பிள்ளை கேட்கிறது, ரிப்போர்ட் கார்டும் பரவாயில்லை, வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

போன கோடையில் பீ-நெஃப் வீதியும் ஆன்றி-புராசா வீதியும் சந்திக்கிற முனையில் ஒரு காட்சி. பதின்மூன்று வயது மதிக்கத்தக்க பையன். முன்னால் தடியைக் கட்டிப்பிடித்தபடி ஆறேழு வயதுத் தங்கச்சி. இரண்டு பேர் தலையிலும் ஒன்றுமில்லை. பையனின் இடது கையில் போன். பாதசாரி விளக்கில் எண்ணிக்கை மூன்றுக்கு வந்துவிட்டது; பையன் நடைபாதையிலிருந்து நேரே வீதியில் இறக்கிவிட்டான். பீ-நெஃப் வீதியின் நடுவில் 2022 நவம்பரில் திறந்த விரைவுப் பேருந்துத் தடம் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பேருந்துச் சாரதி ஹோர்ன் அடித்தார், பிள்ளைகள் தப்பிவிட்டார்கள். தங்கச்சி சிரித்தாள்.

அந்த ஒரு கடவையில் எத்தனை விதி உடைந்தது என்று பாருங்கள். கியூபெக் மாகாணம் 2023 கோடையில் மூன்று ஆண்டுச் சோதனைத் திட்டமாகத்தான் இந்த வண்டிகளை வீதியில் விட்டது. ஓட்டுபவருக்குக் குறைந்தது 14 வயது. தலைக்கவசம் எல்லா வயதுக்கும் கட்டாயம். ஒரு வண்டியில் ஒரே ஆள். நடைபாதையில் ஓட்டக்கூடாது. போன் கூடாது. வேகம் 25 கிலோமீற்றருக்கு மேல் போகக்கூடாது. 50-க்கு மேல் வேக எல்லை உள்ள வீதியில் ஏறவே கூடாது. சோதனைத் திட்டம் என்பதால் விதிகள் மாறக்கூடியவை. வாங்கும் முன் கியூபெக்கின் வாகனக் காப்புறுதி நிறுவனமான சாக் (SAAQ) இணையத்தளத்தை ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது. ரொறன்ரோவிலிருந்து வரும் மருமக்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். ஒன்ராறியோவின் சட்டம் வேறு, அங்கே 16 வயது வேண்டும். ரொறன்ரோ மாநகரசபையோ 2021-இல் அந்த மாகாணத் திட்டமே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. ஸ்காபரோவில் பழகியதை இங்கே கொண்டுவர முடியாது, இங்கே பழகியதை அங்கே கொண்டுபோகவும் முடியாது.

‘மொன்ட்ரியாலில் ஸ்கூட்டரைத் தடை செய்துவிட்டார்களே’ என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தடை செய்தது வாடகை வண்டியை. 2019 ஓகஸ்டில் லைம், ஜம்ப் என்ற இரண்டு கம்பனிகள் நகரின் நடுப்பகுதியில் வண்டிகளை இறக்கின. உல்லாசப் பயணிகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் குறித்த இடத்தில் நிறுத்தப்பட்டவை ஐந்தில் ஒன்றுதான். மிச்சமெல்லாம் நடைபாதையிலும் கடை வாசலிலும். பொலிஸ் எழுதிய தண்டப்பத்திரங்களில் பெரும்பாலானவை தலைக்கவசம் இல்லாததற்கு. 2020 பெப்ரவரியில் நகரசபை கதவைச் சாத்தியது. பாரிஸிலும் அப்படித்தான்: 2023 ஏப்ரலில் வாக்கெடுப்பு வைத்தார்கள், வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 89 பேர் வேண்டாம் என்றார்கள், செப்டம்பரோடு வாடகை வண்டிகள் போய்விட்டன.

வாடகை வண்டி போனதோடு ஆபத்தும் போய்விட்டது என்று நினைப்பதுதான் பிழை. அது எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்திருக்கிறது. வாடகை வண்டிக்குப் பின்னால் ஒரு கம்பனி இருந்தது, வழக்குப் போட ஒரு விலாசம் இருந்தது. இப்போது அந்த விலாசம் உங்களுடையது.

முதலில் உடம்பைப் பார்ப்போம். தென் கலிபோர்னியாவில் இரண்டு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு ஓர் ஆண்டில் வந்த 249 பேரை ஆராய்ந்து 2019-இல் ஒரு கட்டுரை வெளியானது. நூற்றுக்கு நாற்பது பேருக்குத் தலையில் அடி, முப்பத்திரண்டு பேருக்கு எலும்பு முறிவு. தலைக்கவசம் போட்டிருந்தவர்கள் நூற்றுக்கு நான்கரைப் பேர்கூட இல்லை. இன்னொன்றைக் கவனியுங்கள்: அந்த 249 பேரில் 21 பேர் ஸ்கூட்டரில் ஏறாதவர்கள். வீதியால் நடந்து போனவர்கள், வழியில் கிடந்த வண்டியில் கால் தடக்கி விழுந்தவர்கள். ரெக்சாஸ் மாநிலத்தின் ஒஸ்ரினில் நடந்த இன்னோர் ஆய்வு, காயப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு அதுதான் முதல் சவாரி என்றது. ‘ஒரு ரவுண்ட் தாடா’ என்று வாங்கி ஓடுகிற மச்சான்மாருக்கு இது நன்றாகப் பொருந்தும்.

ஏன் இப்படி விழுகிறார்கள்? சைக்கிள் சில்லு பெரியது, குழியின் மேலால் உருண்டு போய்விடும். ஸ்கூட்டரின் சில்லு எட்டு அங்குலமோ பத்து அங்குலமோதான். மொன்ட்ரியால் வீதிக் குழிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. உறைவதும் கரைவதுமாக ஒவ்வொரு வசந்தத்திலும் தார் பெயர்ந்து போகிறது. சின்னச் சில்லு குழிக்குள் இறங்கினால் அங்கேயே நின்றுவிடும். நின்றபடி வந்த ஆளோ 25 கிலோமீற்றர் வேகத்தில், அதாவது ஒரு செக்கனுக்கு ஏழு மீற்றர், தடிக்கு மேலால் தொடர்ந்து போவார். முதலில் தரையில் படுவது கையோ முகமோ. வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றிவிட்டு 45, 50 என்று ஓட்டுகிற பெடியன்களும் இருக்கிறார்கள். எப்படிக் கழற்றுவது என்று சொல்லித்தர யூடியூப் இருக்கிறது. விழுந்த பிறகு என்ன செய்வது என்று அந்தக் காணொளியில் இல்லை.

இனி, பலருக்குத் தெரியாத பகுதி. கியூபெக்கில் கார் விபத்தில் உடம்புக்குக் காயம் என்றால், பிழை யாருடையது என்று பாராமல் சாக் பணம் கொடுக்கும். லீஸ் பயெட் அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்த ஏற்பாடு, 1978 மார்ச்சிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. இடித்தவர் மேல் வழக்கும் போட முடியாது. நாற்பது வருடத்துக்கு மேலாக இந்த நிழலில் வாழ்ந்து பழகியதால், எந்த விபத்து என்றாலும் ‘சாக் பார்த்துக்கொள்ளும்’ என்று ஒரு தைரியம் எல்லோருக்கும்.

ஸ்கூட்டருக்கு அந்தத் தைரியம் செல்லாது. ஓடுகிற கார், பஸ், லொறி ஏதாவது சம்பந்தப்பட்டால் மட்டும்தான் சாக் வரும். உங்கள் மகன் தானாகக் குழியில் விழுந்து தாடையை உடைத்துக்கொண்டால் வராது. லான்ஜெலியே வீதி நடைபாதையில் மரக்கறிப் பையோடு வந்த ஒரு பாட்டியை அவன் இடித்து அவவின் இடுப்பெலும்பு முறிந்தாலும் வராது. வராதபோது என்ன நடக்கும்? சாதாரண குடியியல் சட்டம் வரும். 1457-ஆம் உறுப்புரை: உன் பிழையால் அடுத்தவனுக்கு நட்டம் என்றால் நீ ஈடுகட்டு. 1459-ஆம் உறுப்புரை: பிழை செய்தது வயதுக்கு வராத பிள்ளை என்றால் பெற்றோர் பொறுப்பு. பிள்ளையை வளர்த்ததிலும் கண்காணித்ததிலும் தங்கள் பக்கம் தவறில்லை என்று பெற்றோர்தான் நிரூபிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, 14 வயது வேண்டிய வண்டியை, தலைக்கவசமும் இல்லாமல், நீங்களே காசு கொடுத்து வாங்கிக் கொடுத்திருந்தால் நீதிபதிக்கு முன்னால் எதை நிரூபிப்பீர்கள்?

தொகை எவ்வளவு வரும் என்று கேட்கலாம். வலிக்கும் வாழ்க்கைச் சுகம் இழந்ததற்கும் கொடுக்கிற நட்டஈட்டுக்கு மட்டும் கனடா உச்ச நீதிமன்றம் 1978-இல் ஒரு உச்சவரம்பு வைத்தது: ஒரு லட்சம் டாலர். விலைவாசியோடு கூட்டினால் இன்று அது நான்கு லட்சத்தைத் தாண்டும். மிக மோசமான காயத்துக்குத்தான் அவ்வளவு போகும், உண்மை. ஆனால் இழந்த சம்பளத்துக்கும் வாழ்நாள் பராமரிப்புச் செலவுக்கும் அந்த வரம்புகூட இல்லை. முப்பது வயதுத் தாதி ஒருவரின் முழங்கை முறிந்து வேலைக்குத் திரும்ப முடியாமல் போனால் கணக்கை நீங்களே போடுங்கள். காயப்பட்டவருக்கு வழக்குப் போட மூன்று வருட அவகாசம் உண்டு. விபத்து நடந்து ஒரு வருடம் சத்தமில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

‘எங்களிடம் வீட்டுக் காப்புறுதி இருக்கிறதே’ என்பீர்கள். இருந்தால் நல்லது, வாடகை வீட்டில் இருக்கும் நம்மவர் பலரிடம் அதுவும் இல்லை. இருப்பவர்களும் தாளை எடுத்துப் படிக்க வேண்டும். பொதுவாக அந்த ஒப்பந்தங்களில் மூன்றாம் ஆளுக்கு வரும் நட்டத்துக்கான பொறுப்பு என்று ஒரு பகுதி உண்டு. ஆனால் மோட்டார் பூட்டிய வண்டியால் வந்த நட்டத்தை விலக்கி வைக்கிற வரியும் பல ஒப்பந்தங்களில் கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது. புரோக்கரிடம் போனில் கதைத்து ‘ஓம் ஓம்’ என்ற பதிலோடு விட்டுவிடாமல், மின் ஸ்கூட்டரால் அடுத்தவருக்கு வரும் உடற்காயத்துக்கு இந்த ஒப்பந்தம் பணம் கொடுக்குமா என்று ஈமெயிலில் கேட்டு, பதிலையும் ஈமெயிலில் வாங்குங்கள். வேகக் கட்டுப்பாடு கழற்றிய வண்டி என்றால் அந்தப் பதிலும் உங்களைக் காப்பாற்றாமல் போகலாம்.

கோடையில் விருந்தாளிகள் வருவார்கள். லண்டனிலிருந்து சித்தப்பா, யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா. அவர்களுடைய நிலைமை இன்னும் இக்கட்டு. கார் இடித்தால்கூட, கியூபெக்கில் குடியிருக்காதவருக்கு சாக் முழுத் தொகை கொடுப்பதில்லை; விபத்தில் அவருடைய பிழை எவ்வளவோ அவ்வளவைக் கழித்துக்கொள்ளும். கியூபெக் இலக்கத் தகடு உள்ள காருக்குள் இருந்தவருக்கு இந்தக் கழிவு இல்லை, வெளியே நடந்துபோனவருக்கு உண்டு. காரே இல்லாமல் ஸ்கூட்டர் இடித்திருந்தால் மருத்துவச் செலவுக்கு அவர் கொண்டுவந்த பயணக் காப்புறுதிதான் கதி. சூப்பர் விசாவில் வந்த அம்மாவுக்கு ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்புறுதி கட்டாயம் என்பதால் அதுவாவது இருக்கும்; சாதாரண விசிட்டர் விசாவில் வந்தவருக்கு அதுவும் இல்லாமல் இருக்கலாம். அம்புலன்ஸ்கூட இங்கே இலவசமில்லை.

வேறு ஊருக்குச் சுற்றுலா போய் வாடகை ஸ்கூட்டர் எடுக்கிற இளசுகளுக்கு ஒன்று. அப்பில் ‘சம்மதம்’ என்று அமத்தும்போது கம்பனியின் பொறுப்பையெல்லாம் கைவிட்டதாக ஒப்புக்கொள்கிறீர்கள். கியூபெக்கில் அந்தச் சம்மதத்துக்குப் பல் கிடையாது: உடற்காயத்துக்கான பொறுப்பை முன்கூட்டியே எழுதி விலக்க முடியாது என்று குடியியல் சட்டத்தின் 1474-ஆம் உறுப்புரை சொல்கிறது. எல்லை தாண்டினால் அந்தக் காப்பு உங்களோடு வராது.

எனக்கு எல்லாவற்றிலும் அதிகம் பயம் தருவது குடி. பார்ட்டி முடிந்து ‘காரை எடுக்கவில்லை, ஸ்கூட்டரில்தான் போகிறேன்’ என்று பெருமையோடு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கனடாக் குற்றவியல் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்பது தசைப் பலத்தால் அல்லாமல் வேறு விசையால் ஓடும் எந்த வண்டியும்தான். ஸ்கூட்டரும் அதற்குள் வரும். குற்றம் நிரூபணமானால் முதல் தடவையே குறைந்தது ஆயிரம் டாலர் அபராதம், வாகனம் ஓட்டத் தடை. அதோடு முடிந்தால் பரவாயில்லை. 2018 டிசம்பரில் சட்டத்தை இறுக்கி இந்தக் குற்றத்துக்கு அதிகபட்சத் தண்டனையைப் பத்து வருடமாக்கினார்கள். அதனால் குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் இது பாரதூரமான குற்றம். பிரஜாவுரிமை எடுக்காமல் பி.ஆர். கார்டோடு இருப்பவர், படிக்க வந்த மாணவர், அகதிக் கோரிக்கையில் இருப்பவர் எல்லோருக்கும் இது நாட்டில் தங்குவதா போவதா என்ற கேள்வியாக மாறலாம். இரண்டு பியரும் ஒரு பலகையும் போதும்.

சாப்பாடு டெலிவரி செய்கிற மாணவர்களுக்கும் ஒரு சொல். மொப்பெட் போலத் தடித்த உடம்போடு, பெடல் பேருக்கு ஒட்டிவைத்து, பாதுகாப்பு முத்திரை இல்லாமல் விற்கிற மின்வண்டிகளைக் கியூபெக் 2024 யூலையிலிருந்து பொதுவீதியில் தடை செய்திருக்கிறது. விற்பவர் இதைச் சொல்லமாட்டார்.

வண்டி வீட்டுக்குள் இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. லிதியம் பற்றரி தீப்பிடித்தால் புகைந்து எச்சரித்துவிட்டு எரிவதில்லை. வெடிப்பது போலப் பற்றும், அணைத்தபின் திரும்பவும் பற்றும். மூன்றாம் மாடி வீட்டில் வாசற்கதவுக்குப் பக்கத்தில், சப்பாத்துத் தட்டுக்கு அருகில், இரவு முழுக்கச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். தீ வந்தால் நாங்கள் ஓட வேண்டிய வழியும் அதுதான். வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பாவியுங்கள். யூ.எல். 2272 என்ற முத்திரை இருக்கிறதா என்று வண்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். இல்லாவிட்டால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். நிலத்தில் அடிபட்ட பற்றரி, வீங்கிய பற்றரி இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது நடந்துவிட்டால், 911-ஐ அழையுங்கள். பொலிஸ் அறிக்கை இல்லாமல் இடத்தை விட்டுப் போகாதீர்கள்; கார் ஒன்று உரசியிருந்தால் அதன் இலக்கத் தகட்டைப் படம் எடுங்கள், சாக் வருமா வராதா என்பது அந்தக் காரில்தான் தொங்குகிறது. இடித்தவர் நூறு டாலரை நீட்டி ‘இதோடு விடுங்கோ’ என்றால் வாங்காதீர்கள், எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்காதீர்கள். தலையில் அடிபட்ட பிள்ளை எழும்பிச் சிரித்தாலும் இரண்டு நாள் கண் வைத்திருங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், கதையில் தடுமாற்றம் என்றால் உடனே அவசரப் பிரிவு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிற வயதானவர் தலையை இடித்துக்கொண்டால் அந்த இரண்டு நாளும் பார்க்க வேண்டாம், நேரே கொண்டுபோங்கள். சந்தேகம் என்றால் 811-இல் தாதி ஒருவர் இரவிலும் இருப்பார். ஸ்கூட்டரைத் திருத்தவோ எறியவோ வேண்டாம், உடைந்தபடியே வையுங்கள். வாங்கிய பற்றுச்சீட்டும் வேண்டும்.