வீதியும் வீடும்: கணினி முகவரி அமையும் முறை

நுழையும்முன்
கம்பிவடத்தை இணைத்ததும் கணினிகள் உரையாடத் தொடங்கிவிடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய முகவரி வேண்டும். அம்முகவரி அமையும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலைச் சூழ்ந்து சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. ‘12ஆம் எண் வீடு’ என்று மட்டும் எழுதிய மடல் உரியவரைச் சேராது. வீதியின் பெயரும் வேண்டும். கணினியின் முகவரியும் இவ்வாறே இரு பகுதிகளை உடையது.

இருவகை முகவரிகள்
ஈதர்நெட் வழியாக இணையும் கருவிக்கு இரண்டு முகவரிகள் உண்டு. உற்பத்தியின்போதே பதிக்கப்படும் 48 பிட் மேக் முகவரி ஒன்று. அது ஒருவரின் பெயரைப் போன்றது. இடம் பெயர்ந்தாலும் பொதுவாக மாறாது. மற்றொன்று ஐபி முகவரி. இது கருவி சேரும் வலையமைப்பிற்கேற்ப வழங்கப்படுவது. இதன் நான்காம் பதிப்பு 32 பிட்டுகளால் ஆனது. 0 முதல் 255 வரையிலான நான்கு எண்களாக எழுதப்படுவது.

192.168.5.12 என்னும் முகவரியைக் காண்போம். இதனுடன் 255.255.255.0 என்னும் துணைவலை மறைப்பு எண்ணையும் கணினியில் பதிய வேண்டும். முதல் மூன்று எண்கள் வீதி, இறுதி எண் வீடு என்பதை அது உணர்த்துகிறது. இவ்வீதியில் 254 கருவிகள் இடம்பெறலாம். வீதியைக் கடந்து வெளியே செல்லும் வழி ‘நுழைவாயில்’ எனப்படும். அதன் முகவரியையும் தருதல் வேண்டும்.

பிழையின் விளைவு
1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னாளில் அதன் தேனி மருத்துவமனை, நெடுந்தொலைவுக் கம்பியில்லா இணைப்பின் வழியே சிற்றூர்க் கண் பரிசோதனை மையங்களுடன் இணைக்கப்பட்டது. மையத்திலிருக்கும் நோயாளியை மருத்துவர் தம் இடத்திலிருந்தே திரையில் கண்டு ஆலோசனை வழங்கினார்.

இத்தகைய மையம் ஒன்றின் கணினியில் நுழைவாயில் எண் தவறாகப் பதிவானதாகக் கொள்வோம். அருகிலுள்ள அச்சுப்பொறி இயங்கும். ஏனெனில் அது அதே வீதியில் உள்ளது. தொலைவிலுள்ள மருத்துவரை மட்டும் எட்ட இயலாது. பேருந்தேறி வந்த முதியவர் காத்திருக்க நேரும். இரு கருவிகளுக்கு ஒரே முகவரி அமைந்தாலோ, இணைப்பு விட்டுவிட்டு அறுபடும்.

தவிர்க்கும் வழி
1993இல் வரையறுக்கப்பட்ட டிஎச்சிபி நெறிமுறை, கருவிகளுக்கு முகவரிகளைத் தானாகவே வழங்குகிறது. ஆயினும் அச்சுப்பொறி, சேவையகம் போன்ற பிறர் தேடிவரும் கருவிகளுக்கு மாறாத முகவரியே ஏற்றது. தானியங்கி வழங்கலுக்கு 100 முதல் 200 வரையிலான எண்களை ஒதுக்கினால், நிலையான முகவரிகளை அவ்வெல்லைக்கு வெளியே அமைத்தல் வேண்டும். எக்கருவிக்கு எம்முகவரி என்பதை ஏட்டில் குறித்துவைத்தலும் இன்றியமையாதது. பழுது நேரும் நாளில், பணியாளர் முதலில் தேடுவது அந்த ஏட்டையே.